செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது முற்றமும் தாழ்வாரமும் அறைகளும் சேர்ந்த கட்டைப் படமெடுத்தால் முற்றம் வெளுத்துப் போகிறது, உள்பக்கம் இருண்டு போகிறது. வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில், எடுத்த படங்களை எப்படி இணைப்பது?

காரைக்குடியில் போட்டோ எடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தப் பக்கத்து வீடுகளை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. உச்சி வெயிலில் முற்றத்துச் சுண்ணாம்புச் சுவருக்கும் தாழ்வாரத்துக்கு அப்பால் இருக்கும் அறையின் கதவு நிலைக்கும் எட்டு ஸ்டாப் வரை வித்தியாசம் வரும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, எட்டு ஸ்டாப் என்றால் 256 மடங்கு. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் நிழலைத் தூக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் தேக்குத் தூண்களின் கருமையில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பிவிடும்.

எடுக்கும் முறை எளிது. டிரைபாட், ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 8. ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். ஷட்டர் வேகம் மட்டும் மாறட்டும்: 1/500, 1/125, 1/30, 1/8, 1/2. அபர்ச்சரை மாற்றினால் ஃபோகஸ் ஆழம் படத்துக்குப் படம் மாறி, பிறகு ஒன்றோடொன்று சேராது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். டிரைபாட் கூடாது என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சொன்னால், தூணில் சாய்ந்து நின்று பிராக்கெட்டிங்கில், அதாவது கேமராவே எக்ஸ்போஷரை மாற்றி மாற்றி எடுக்கும் முறையில், மூன்று படம் தட்டுங்கள். சிறு அசைவை மென்பொருள் சரிசெய்துவிடும். ஆத்தங்குடிக் கல்லில் டிரைபாட் கால் கீறாமல் ரப்பர் குமிழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மரியாதை.

இனி இணைப்பது. லைட்ரூமில் ஐந்தையும் தேர்ந்தெடுத்து எச்டிஆர் மெர்ஜ் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். எனக்கு அது பிடிக்காது. எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக நீளும் வீடு தட்டையாகிவிடும். முற்றத்தில் விழுந்து தாழ்வாரத்தில் மங்கி, அறை வாசலில் அடங்குகிற வெளிச்சம்தான் அந்த ஆழத்தைக் காட்டுகிறது.

அதனால் நான் கையால்தான் இணைக்கிறேன். ஃபோட்டோஷாப்பில் மூன்றே படங்களை லேயர்களாக அடுக்கி, ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்த ஆட்டோ அலைன் கொடுப்பேன். 1/30 படம் அடியில். அதன் மேல் 1/500 படம், கருப்பு மாஸ்க்குடன். மாஸ்க் கருப்பாக இருக்கும் இடத்தில் அந்த லேயர் மறைந்திருக்கும், வெள்ளை பூசினால் தெரியும். முற்றத்தில் வெளுத்த இடங்களில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் திறப்பேன். எல்லாவற்றுக்கும் மேலே 1/8 படம், அதுவும் கருப்பு மாஸ்க்குடன். கதவுச் செதுக்கல், உத்தரம், மூலையில் கிடக்கும் பெட்டகம், இவை தெரிகிற அளவுக்குத் திறந்தால் போதும். மிருதுவான பெரிய பிரஷ், ஃப்ளோ (பிரஷ் பூசும் வேகம்) 10 சதவீதம். 1/2 படத்தை அநேகமாகத் தொடுவதே இல்லை. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனைதான்: அறைக்குள் இருக்கும் சுவர் முற்றத்துச் சுவரைவிட வெளிச்சமாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது.

தூணும் வானமும் சந்திக்கும் விளிம்பில் பிரஷ் உதவாது, வெள்ளைக் கோடு விழும். அங்கே படத்தின் வெளிச்ச அளவை வைத்தே உருவாகும் லுமினாசிட்டி மாஸ்க் வேண்டும். சேனல்ஸ் பேனலில் ஆர்ஜிபியின் மேல் கன்ட்ரோல் பிடித்துச் சொடுக்கினால் வெளிச்சமான பகுதிகள் தேர்வாகும்; அதையே 1/500 லேயருக்கு மாஸ்க்காகக் கொடுத்தால் விளிம்பு தானாகப் பொருந்தும். நிறத்தையும் கவனியுங்கள். முற்றத்தில் வெயில் விழாத பகுதி நீலம் பூசியது போல் இருக்கும், உள்ளே பல்பு மஞ்சளாக இருக்கும். எடுக்கும்போது பூட்டியிருந்தாலும் ராவில் ஒயிட் பேலன்ஸைப் பிறகு மாற்றலாம்; ஒவ்வொரு ராவையும் அதனதன் ஒயிட் பேலன்ஸில் திறந்து அடுக்குங்கள். ஆனால் மஞ்சளை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், மரம் செத்துப்போகும்.

இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து இரண்டையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார். உங்கள் போனும் கேட்காமலே நாலைந்து படங்களைச் சேர்த்துத்தான் தருகிறது.

ஃபோட்டோஷாப்புக்குக் காசில்லை என்றால் ஜிம்ப் போதும், லேயர் மாஸ்க் அதிலும் உண்டு. அலைன் செய்ய மட்டும் ஹியூஜின் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். அப்புறம், சாயங்காலம் வெயில் முற்றத்தை விட்டு ஏறிய பிறகு போனால் வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடும். அப்போது இரண்டு படமே போதும், சில நாள் ஒரே ராவில் முடிந்துவிடும்.