ஒரு பெட்டிக்காகச் செத்தாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜோ பிண்டரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க பேஸ்பாலின் கீழ்மட்டமான மைனர் லீக்கில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, இருந்தவர். 1944 ஜூன் 6, தன் 32ஆவது பிறந்தநாளில், பிரான்ஸின் நார்மண்டியில் நேசப் படைகள் கரையிறங்கியபோது, ஒமாஹா கடற்கரையில் கொல்லப்பட்டார். போர் வராவிட்டால் உச்ச மட்டமான மேஜர் லீக்குக்குப் போயிருப்பாரா? குண்டடி பட்ட உடம்போடு ஒரு ரேடியோப் பெட்டிக்காக மூன்று முறை கடலுக்குள் திரும்பிப் போனது வீரமா, அசட்டுத்தனமா? அதே போரில் மாண்ட இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஹெட்லி வெரிட்டியோடு அவரை ஒப்பிடலாமா? பந்து வீசிய கை கடைசியில் பெட்டி சுமந்தது என்று கட்டுரையை முடிக்க நினைக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போயிருக்க மாட்டார். 1941 சீசன் முடிந்தபோது அவருக்கு வயது 29, ஆடிக்கொண்டிருந்தது டி கிளாஸில். அன்றைய மைனர் லீக் ஏணியில் டபுள் ஏ மேலே, பிறகு ஏ ஒன், ஏ, பி, சி, அடிப்படி டி. 1939இல் ஃபுளோரிடா ஸ்டேட் லீக்கில் சான்ஃபோர்ட் அணிக்காக 17 ஆட்டங்களை வென்றார். நல்ல சீசன்தான். ஆனால் அந்தப் படியில் அந்த வயதில் இருப்பவரைத் தேடி மேஜர் லீக் ஆள் அனுப்பாது. அவருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் ஆடினார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் பிரியம். நீங்களோ, செத்த மனிதருக்கு மேஜர் லீக் சட்டை மாட்டிப் பார்த்தால்தான் மரியாதை என்று நினைக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் களத்தில் மாண்ட மேஜர் லீக் வீரர்கள் இரண்டே பேர்: எல்மர் கெடியன், ஹாரி ஓ'நீல். ஓ'நீல் மேஜர் லீகில் ஆடியது ஒரே ஆட்டம், அதிலும் மட்டை பிடிக்க வாய்ப்பு வரவில்லை. போரில் இறந்த மைனர் லீக் வீரர்களோ நூற்றுக்கும் மேல். அவர்களில் எத்தனை பேரை உங்களால் பெயர் சொல்ல முடியும்?

வெரிட்டியை விட்டுவிடுங்கள். அவர் டெஸ்ட் ஆடிய பெரிய பந்துவீச்சாளர், படையில் கேப்டன். ஒப்பிட ஒன்றுமில்லை. பிறந்தநாளை ஒரு தடவை சொன்னால் போதும், எல்லாரும் அதைத்தான் தலைப்பாக்குகிறார்கள்.

பெட்டிக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நீளும்.

பிண்டர் முதலாம் காலாட்படை டிவிஷனின் 16ஆவது ரெஜிமென்ட்டில் டெக்னீஷியன், ஐந்தாம் கிரேடு. அதாவது சம்பளம் கார்ப்பரலுக்கு உரியது, வேலை ரேடியோ. அன்று அமெரிக்கக் காலாட்படையில் புழங்கிய செட்களில் ஒன்று எஸ்சிஆர்-284. அது ஒரு பெட்டியே அல்ல. செய்தி வாங்கி அனுப்பும் செட் மட்டும் 20 கிலோவை ஒட்டி இருக்கும். அதற்கு மின்சாரம் தருவது தனியான கைச்சுற்று ஜெனரேட்டர்: ஒருவர் உட்கார்ந்து இரு கையாலும் சுற்றினால்தான் செட்டுக்கு உயிர். பிறகு துண்டு துண்டாகச் செருகி நிமிர்த்தும் ஏரியல் கம்பி, இணைப்புக் கேபிள்கள், மைக், ஹெட்போன், மோர்ஸ் சாவி. எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆள் சுமக்க முடியாது, பலர் பிரித்துத் தூக்குவார்கள். அந்தப் பலரில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மற்றவர்கள் சுமந்து வந்தது வெறும் இரும்பு. கேபிள் இல்லாத ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு யாரோடு பேசுவது?

மூன்று முறை ஏன் போனார் என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. படகு அவரை இறக்கியது கரையிலிருந்து 100 கஜத்தில், இடுப்பளவு தண்ணீரில். சில கஜம் நகர்வதற்குள் பலத்த காயம். ரேடியோவை விடாமல் கரை சேர்த்தார். மருத்துவ உதவியை மறுத்துவிட்டு மூன்று முறை திரும்பிப் போய் உதிரிகளையும், வேலை செய்யும் இன்னொரு செட்டையும் மீட்டார் என்கிறது, அமெரிக்காவின் மிக உயர்ந்த படை விருதான மெடல் ஆஃப் ஆனரை அவருக்கு வழங்கிய சான்றுரை. மூன்றாவது தடவையில் கால்களில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அதற்குப் பிறகும் படுக்கவில்லை. தொடர்பை ஏற்படுத்த உதவிக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறை சுடப்பட்டு இறந்தார்.

கொஞ்சம் பொறுத்து எடுத்திருக்கலாமே என்பீர்கள். முடியாது. தாக்குதல் தொடங்கியது நீர் வடிந்திருந்த நேரம். அந்தக் கரையில் ஓதம் ஐந்து மீட்டருக்கும் மேல் ஏறும். இடுப்பளவில் கிடக்கும் சாமான் சற்று நேரத்தில் தலைக்கு மேல் போய்விடும். அதோடு உப்புத்தண்ணீர். வால்வு ரேடியோவில் உயர் மின்னழுத்தம் ஓடும், உப்புநீர் புகுந்தால் ஷார்ட் ஆகும். ஜெனரேட்டரில் மணல் போனால் கைப்பிடி சிக்கும். நீர் புகாதபடி மூடித்தான் அனுப்பியிருந்தார்கள், ஆனால் ஒரு குண்டுச் சிதறல் கிழித்தால் மூடியதும் மூடாததும் ஒன்றுதான். கரைக்கு வந்த பிறகும் ஆபத்து தீராது: ஏரியல் நிமிர்ந்ததும், மேலே பதுங்கு குழியில் இருப்பவனுக்கு எங்கே சுட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தொடர்பு இல்லையென்றால் என்ன ஆகும்? பக்கத்தில் இறங்கிய 116ஆவது ரெஜிமென்ட்டைப் பாருங்கள். ரேடியோக்களில் முக்கால்வாசி நாசம். கடலில் பீரங்கிகளோடு கப்பல்கள் நிற்கின்றன, எங்கே சுடுவது என்று சொல்ல ஆளில்லை. கார்மிக் என்ற நாசகாரிக் கப்பல், கரையிலிருந்த டாங்கிகளின் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து அதே இடத்தில் தானும் சுட்டது. வேறு சில கப்பல்கள் தரைதட்டும் அபாயத்தோடு ஆயிரம் கஜத்துக்குள் வந்தன. அகஸ்டா கப்பலில் இருந்த, அமெரிக்கத் தரைப்படைகளின் தளபதி ஜெனரல் பிராட்லிக்குக் காலை ஒன்பது மணிக்கும் கரை நிலவரம் சரியாகத் தெரியவில்லை. அடுத்து இறங்க வேண்டிய படைகளை வேறு கரைக்குத் திருப்பலாமா என்று யோசித்தார். இந்தக் குருட்டுத்தனத்துக்கு நடுவில் வேலை செய்யும் ஒரு செட் என்பது எத்தனை பேரின் உயிர்! அசட்டுத்தனமாம்!

பந்து வீசிய கை பெட்டி சுமந்தது என்று தயவுசெய்து முடிக்காதீர்கள். தண்ணீரில் அவருக்குத் தேவைப்பட்டது முதுகும் காலும், எந்தப் பாகம் இல்லாமல் எது ஓடாது என்ற ரேடியோக்காரனின் அறிவும். பேஸ்பாலை இதற்குள் இழுக்காதீர்கள், அதை அதன் இடத்தில் முழுசாக எழுதுங்கள்: டி கிளாஸ் ஊர்கள், அந்த 17 வெற்றிகள், 1941க்குப் பிறகு போரால் நின்றுபோன ஃபுளோரிடா ஸ்டேட் லீக். 1941இல் நாற்பதுக்கு மேல் இருந்த மைனர் லீக்குகள் 1943இல் பத்தளவுக்குச் சுருங்கின. அவர் ஆடிய மைதானங்கள் அவருக்கு முன்பே காலியாகிவிட்டன. தம்பியையும் விட்டுவிடாதீர்கள்: குண்டுவீச்சு விமானி, அண்ணன் இறந்த நாளில் ஜெர்மனியில் போர்க்கைதி. அந்த வீட்டில் அந்த ஜூன் மாதம் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்கள் எழுத முடிந்தால் நான் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அவர் பெயரில் ஜெர்மனியில், நியூரம்பர்க் அருகே சிர்ண்டார்ஃபில், அமெரிக்கப் படை முகாம் ஒன்று இருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்திய பிரதியை அனுப்புங்கள், அதில் ஜெனரேட்டர் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.