தீவுக்குப் போகிறவர் குடிக்கும் தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயண யோசனை கேட்டு உங்களுக்கு எழுதுவது முறையா என்று தெரியவில்லை. தீவுகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்திருப்பதால் கேட்கிறேன். அரையாண்டு விடுமுறையில் லட்சத்தீவு போக நினைக்கிறோம். நான், மனைவி, பதினோரு வயது மகள், ஆறு வயது மகன், அம்மா என்று ஐந்து பேர். கொச்சியிலிருந்து கப்பலில் போனால் ஐந்து நாளில் மூன்று தீவுகளைப் பார்த்துவிடலாம், தங்கலும் கப்பலிலேயே, கொடுக்கிற காசுக்கு அதுதான் லாபம் என்கிறார் என் மைத்துனர். அங்கேயுள்ள பங்காரம் தீவில் விடுதி எடுத்து நான்கு நாள் நிம்மதியாக இருக்கலாம், கிடைக்காவிட்டால் மாலத்தீவு என்கிறாள் மனைவி. ஒரு தீவில் ஒரு நாளுக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது, எங்கும் மணலும் தென்னையும்தானே என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பலில் குழந்தைகளுக்கு வாந்தி வருமா, சாப்பாடு எப்படி என்பதையும் சொன்னால் நல்லது.

அப்பாவுக்குப் போன வருடம் இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை நடந்தது. குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் வேலையைத் தவிர வேறெதிலும் ஆர்வம் இல்லாதவர். தான் வரவில்லை என்கிறார். தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றிருக்கிறோம்.

முரளி
கோவை

அன்புள்ள முரளி,

இந்த வகைக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப்போன ஒரு செய்தி. அதற்குப் பிறகு வருகிறேன். சில நாள்களாகத் தீவுகளின் நிலத்தடி நீரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். வாந்தி வரும், சிலருக்கு வராது. மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் அந்தக் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில்தான் அது ஆளைப் புரட்டும். சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஐந்து நாள் என்ன கிடைக்குமோ அதைச் சாப்பிடத் தெரியாத குடும்பம் தீவுக்குப் போகாமல் இருப்பது தீவுக்கும் நல்லது.

உங்கள் மைத்துனர் சொல்வது லட்சத்தீவு நிர்வாகமே நடத்தும் 'சமுத்திரம்' பயணமாக இருக்க வேண்டும். எம்.வி. கவரத்தி என்ற கப்பலில் போய், கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளிலும் பகலில் இறங்கிச் சுற்றிவிட்டு, இரவில் கப்பலுக்கே திரும்பிவிடுவார்கள். எழுநூறு பயணிகள் போகக்கூடிய அந்தக் கப்பலில் உல்லாசப் பயணிகளுக்கென்று ஒதுக்கியவை போக மற்ற இடங்களில் தீவுக்காரர்கள் இருப்பார்கள். மருத்துவமனைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், கேரளத்தில் படிக்கும் பிள்ளைகள், மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்கிப் போகிறவர்கள். என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த பகுதி அதுதான். நீச்சல்குளமும் சூதாட்டக் கூடமும் உள்ள தனியார் சொகுசுக் கப்பல்களோடு இதைச் சேர்த்து எண்ணாதீர்கள். 2022-ல் சென்னையிலிருந்து அப்படியொரு கப்பல் புறப்பட்டபோது, அதன் பயணங்களில் ஒன்று எந்தக் கரையிலும் இறங்காமல் ஆழ்கடலுக்குப் போய்விட்டுச் சென்னைக்கே திரும்பி வருவதாக இருந்தது. கடல் எதற்கு என்று கேட்கத் தோன்றியது.

ஆனால் "மூன்று தீவுகளைப் பார்த்துவிடலாம்" என்ற கணக்கு எனக்கு எரிச்சலூட்டுகிறது. அதைவிட எரிச்சலூட்டுவது நீங்களாகவே சேர்த்த வரி: "எங்கும் மணலும் தென்னையும்தானே." முரளி, அந்த மணலில் தென்னை எப்படி நிற்கிறது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 64,000 பேர், மொத்தமே 32 சதுர கிலோமீட்டர் நிலத்தில் வாழ்கிறார்கள். அங்கே ஆறு கிடையாது, ஓடை கிடையாது, மலை கிடையாது. நாற்புறமும் உப்பு. அவர்கள் பல நூற்றாண்டுகளாக எதைக் குடித்து வாழ்ந்தார்கள்? ஒரு நாளுக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் நான்கு நாள் போதாது.

பெய்யும் மழை பவள மணலுக்குள் இறங்குகிறது. உள்ளே ஏற்கெனவே கடல்நீர் நிற்கிறது. நன்னீர் கனம் குறைந்ததாதலால் உப்புநீரோடு எளிதில் கலந்துவிடாமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையின் வடிவில். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் இதற்கு ஒரு விதி உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும். கேட்கும்போது பெரிய சேமிப்பு என்று தோன்றும். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: மோட்டார் வைத்து மேலே ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். நடைமுறையில் மண்ணின் தன்மை, கடலின் ஏற்றவற்றம், இரண்டு நீரும் கலந்து நிற்கும் இடைப்பகுதி எல்லாம் சேர்ந்து கணக்கை மாற்றும். பெரும்பாலும் தீவுக்குப் பாதகமாகவே மாற்றும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த கதையை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். அந்த வாரியத்தில் வேலை பார்த்தவருக்கு அது தெரியாமல் இராது. அங்கே பின்வாங்குவதற்குப் பெருநிலம் இருந்தது. ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லாத தீவில் பின்வாங்க எங்கே போவது?

என் அத்தை பாம்பனில் வாழ்ந்தவள். சிறுவயதில் அவளோடு தனுஷ்கோடிக்குப் போயிருந்தபோது, அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மீனவப் பெண்கள் மணலில் குழி பறித்து, கொட்டாங்குச்சியால் நீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடி அளவு நீர்தான் ஊறும். அது நின்றபின் மொள்வார்கள், மறுபடி காத்திருப்பார்கள். நானும் ஆசைப்பட்டு ஒரு கொட்டாங்குச்சியை வாங்கி வேகவேகமாக அள்ளத் தொடங்கினேன். குழிக்கு உரிய பெண் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "பைய அள்ளு. வெரசா அள்ளுனா உப்புத் தண்ணி வந்துரும், அப்பறம் இன்னைக்கு எனக்கு இந்தக் குழி இல்ல" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவளாகத் தெரியவில்லை. பின்னாளில் அந்த நாற்பது மடங்குக் கணக்கைப் படித்தபோது, அவள் சொன்னதற்கு மேல் அதில் புதிதாக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது உங்கள் மனைவியின் விடுதிக்கு வருவோம். அவர் நிம்மதி கேட்கிறார். இரண்டு குழந்தைகளையும் ஒரு வீட்டையும் தூக்கிச் சுமக்கும் பெண் நான்கு நாள் ஓரிடத்தில் உட்கார ஆசைப்படுவதில் பிழை ஒன்றும் இல்லை. மூன்று தீவு லாபம் என்பவரைவிட அவர் தெளிவாகவே இருக்கிறார். ஆனால் பங்காரம் ஊரில்லாத தீவு. மாலத்தீவு 1972-ல் உல்லாச விடுதிகளைத் தொடங்கியபோது பிடித்துக்கொண்டதும் அந்த வழியைத்தான்: ஆளில்லாத ஒரு தீவு, அதில் ஒரே ஒரு விடுதி. அந்நாட்டு மக்கள் வாழும் தீவுகளில் பயணிகள் தங்குவதற்கு 2009-க்குப் பிறகுதான் வழி திறந்தது. ஆளில்லாத தீவில் குழாயைத் திறந்தால் நீர் கொட்டும். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க அங்கே பக்கத்து வீட்டுக்காரர் யாரும் இருக்கமாட்டார். பெரும்பாலும் டீசலை எரித்துக் கடல்நீரை வடிகட்டிய நீர். மிஞ்சும் அடர்ந்த உப்புநீர் கடலுக்கே திரும்பும். பவளப் பாறை வளையத்துக்குள் அடங்கிய ஆழமற்ற லகூனில் அதை விட்டால் சுமப்பது பவளம்தான். 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளிலெல்லாம் வெளுத்துப்போன பவளம் அது. லட்சத்தீவில் மனிதர் நிரந்தரமாக வாழாத சுஹேலியிலும், மக்கள் வாழும் கடமத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட விடுதிகளை எழுப்ப 2023-ல் அறிவிப்பு வந்தது. நீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் குடில்களின் படங்களைப் பார்க்கும்போது, அவற்றின் குளியல் தொட்டிகளைத்தான் நான் எண்ணுகிறேன்.

மாலத்தீவில் இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதை உலகம் ஒருமுறை பார்த்தது. 2014 டிசம்பர் தொடக்கத்தில் தலைநகரமான மாலேயின் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரத்தில் குழாய்கள் வறண்டன. இந்திய விமானப்படை விமானங்கள் குடிநீர்ப் போத்தல்களை ஏற்றிப் பறந்தன. சுகன்யா, தீபக் என்ற கடற்படைக் கப்பல்கள் நீரோடு போயின. உலகின் பணக்காரர்கள் வந்து நீந்தும் நாட்டில், குடிப்பதற்கு நீர் விமானத்தில் வந்து இறங்கியது.

கப்பல் இந்த வகையில் மரியாதையானது என்றே சொல்வேன். தன் தண்ணீரைத் தானே கொண்டுவருகிறது. தீவின் கிணற்றில் கைவைக்காமல் நம்மைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அழைத்துவந்துவிடுகிறது. ஆனால் அதன் பகல் நேரம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. மினிக்காயில் 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறி இறங்குவதற்குள் புறப்படும் நேரம் வந்துவிடும். மற்ற தீவுகளின் மலையாள வழக்கை விட்டு மாலத்தீவின் மொழிக்கு உறவான மஹல் பேசும் அந்த ஊரில், ஒருவரோடு திண்ணையில் உட்கார்ந்து பேச அவகாசம் இருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. பவளப் பாறைகள் சூழ்ந்திருப்பதால் பெரிய கப்பல் லகூனுக்குள் போக முடியாது. வெளியே நங்கூரமிட்ட கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து, ஏறி இறங்கும் சிறு படகுக்கு ஆள்களைக் கைபிடித்து மாற்றுவார்கள். புது முழங்கால்களோடு இருப்பவருக்கு ஒவ்வொரு தீவிலும் போக ஒருமுறை, வர ஒருமுறை அது ஒரு சோதனை.

ஆம், உங்கள் அப்பாவிடம் வந்துவிட்டேன். "தான் வரவில்லை என்கிறார்" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் அவரைத் தங்கை வீட்டில் சேர்த்துவிட்டீர்கள். குழந்தைகளின் வாந்திக்கு ஒரு கேள்வி, சாப்பாட்டுக்கு ஒரு கேள்வி. அப்பா வருவதற்கு வழி உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. படகில் மற்றவர்கள் தன்னைத் தூக்கி இறக்க வேண்டியிருக்குமே என்று கூசுகிற ஒரு மனிதர் வேறு எப்படிச் சொல்வார்? தண்ணீர் வேலையைத் தவிர வேறெதிலும் ஆர்வம் இல்லாதவர் என்று அவரைப் பற்றிக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் லட்சத்தீவுக்குப் போகத் தகுதி பெற்ற ஒரே ஆள் அவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

2005-ல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு நிலையம் தொடங்கியது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் அமைத்தது. வடிகட்டும் சவ்வு அதில் கிடையாது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்று நீக்கிய கலத்துக்குள் விடுகிறார்கள். அழுத்தம் குறைந்த இடமாதலால் கொதிக்கவைக்காமலேயே அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே குளிர்ந்த கடல்நீரை மேலே கொண்டுவந்து, அதன் குளிர்ச்சியால் அந்த ஆவியை நன்னீராக்குகிறார்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். கரையை விட்டு நகர்ந்ததும் கடல் செங்குத்தாக ஆழமாவதால்தான் இது அங்கே கூடிவந்தது. நம் மெரினாவில் அந்த ஆழத்துக்குப் பல கிலோமீட்டர் போக வேண்டும். பம்புகளுக்கு வேண்டிய மின்சாரத்துக்கு டீசல்தான் எரிகிறது என்பது குறைதான். ஆனாலும் கிணறுகளின் மேல் இருந்த சுமையை அது குறைத்தது. 2011-ல் மினிக்காயிலும் அகத்தியிலும் இதே முறையில் நிலையங்கள் வந்தன. கடமத்தில் ஒன்றரை லட்சம் லிட்டர் நிலையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. இதையெல்லாம் உங்கள் அப்பாவிடம் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பிறகும் அவர் வரவில்லை என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் கேள்வி கப்பலா விடுதியா என்பது. கப்பல் வேண்டாம், பங்காரமும் வேண்டாம், மாலத்தீவும் வேண்டாம். கொச்சியிலிருந்து சிறிய விமானம் அகத்திக்குப் போகிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். விமானப் படியில் ஏற அப்பாவுக்குச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நடுக்கடலில் படகு மாறும் வேலை இல்லை. அகத்தியிலேயே, மக்கள் வாழும் ஊருக்குள், சிறிய விடுதியிலோ வீட்டோடு சேர்ந்த அறையிலோ தங்குங்கள். லகூன் வாசலில் இருக்கும். உங்கள் மனைவிக்கு வேண்டிய நிம்மதி அங்கேயும் உண்டு. ஒருநாள் படகில் பங்காரம் போய்ப் பகலில் நீந்திவிட்டுத் திரும்பலாம். அப்பாவும் அம்மாவும் அன்று ஊரில் இருக்கட்டும். தண்ணீர் நிலையத்தை உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் பேத்தியோடு வந்து கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன். மகளை அவரோடு அனுப்புங்கள். ஊர்க் கிணற்று நீரையும் நிலையத்து நீரையும் அவள் குடித்துப் பார்த்து வித்தியாசம் சொல்லட்டும்.

நுழைவு அனுமதி இல்லாமல் லட்சத்தீவுக்குள் கால்வைக்க முடியாது. அது கைக்கு வர நாள் பிடிக்கும், விமானமும் சிறியது. ஆகவே அப்பாவிடம் இந்த வாரமே பேசிவிட்டு, விண்ணப்பத்தில் ஆறு பேரின் பெயரை எழுதுங்கள்.