துடுப்பும் போட வேண்டும், பாயும் கட்ட வேண்டும்: உறுதியான சின்னப் படகு எது?

இருப்பது இங்கிலாந்தின் தென்கரை, ஏறப்போவது நீங்களும் பத்து வயது மகளும், காரின் கூரையிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் பழைய மிரர் டிங்கி ஒன்றைத் தேடுங்கள் (டிங்கி என்றால் சின்னத் திறந்த படகு, மிரர் அதில் ஒரு வகை). எட்டு வருடமாக என்னிடம் இருப்பதும் அதுதான்.

லேசர் மாதிரிப் படகுகள் பாயில் பறக்கும். காற்று நின்றால் அவ்வளவுதான், துடுப்பு மாட்டவே இடம் கிடையாது. மிரர் இரண்டுக்கும் ஆகும். வீட்டில் நாமே செய்துகொள்ளட்டும் என்று ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெலும் வடிவமைத்தது. 1960-களில் டெய்லி மிரர் பத்திரிகை முன்னின்று பரப்பியதால் அந்தப் பெயர், சிவப்புப் பாய். ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ஃபைபர்கிளாஸ் நாடா ஒட்டிச் செய்வார்கள். நீளம் 3.3 மீட்டர், வெறும் கூடு சுமார் 45 கிலோ. பாய்மரம் குட்டையானது, பாயின் மேல்பகுதியைத் தாங்கும் மேல்கழி தனி. இறக்கிவிட்டால் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஆனால் ப்ளைவுட் ஆயிற்றே, பார்த்து வாங்க வேண்டும். நடுப்பலகை (படகின் அடி வழியாகத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) இறங்கும் பெட்டியின் அடிப்பக்கத்தையும் பின்பலகையின் கீழ் மூலைகளையும் சாவி முனையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் காற்றறைகள், அதாவது படகை மிதக்க வைக்கும் மூடிய அறைகள். அடைப்பானைக் கழற்றி மூக்கை வைத்துப் பாருங்கள், ஒரு முனையைத் தூக்கி உள்ளே தண்ணீர் சளசளக்கிறதா என்று கேளுங்கள். நான் இதைச் செய்யவில்லை. பளபளவென்று பெயின்ட் அடித்திருந்ததில் மயங்கிக் காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து திறந்தால் அரை வாளித் தண்ணீர்!

துடுப்பு ஏழடியாவது வேண்டும். என் படகோடு வந்தவை ஐந்தடி, சாம்பார் கிண்டத்தான் லாயக்கு. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு நாள் தென்கரையில் பாஷம் என்ற ஊர்ப் பக்கம் மாட்டினேன். காற்று செத்துவிட்டது, நீர் வடிய ஆரம்பித்துவிட்டது, நீரோட்டம் எதிரில். ஒரு கல் மண்டபத்துக்கு நேரே கால் மணி நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன், கை மட்டும் வலித்தது. துடுப்புப் போடும்போது பாயை முழுக்க இறக்கிச் சுருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாயின் அடிக்கழி தலையைப் பதம் பார்க்கும். நடுப்பலகையைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் படகு நேராகப் போகும். மூக்கு மொட்டை என்பதால் அலையில் தட் தட்டென்று அடித்துக்கொண்டேதான் போகும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

கல்லுக் கரையில் தினமும் இழுப்பதானால் வார்ப்புப் பிளாஸ்டிக் படகு நல்லது, அடி தாங்கும். ஆனால் கனம் அதிகம், விரிசல் விட்டால் பசை எளிதில் பிடிக்காது. ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்ப்படகு மகளுக்கு மட்டும்தான் சரி, 2.3 மீட்டரில் நீங்கள் காலை மடக்க முடியாது.

வாங்கும்போது படகை வைத்து இழுக்கும் கைவண்டியும் சேர்த்துத் தருவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். 45 கிலோ என்பது காகிதத்தில்தான். பாய், மரம், துடுப்பு, ஈரம் எல்லாம் சேர்ந்த பிறகு, பத்து வயதுப் பிள்ளை மறுமுனையைத் தூக்க மாட்டாள்.