கப்பல் பால்கனியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பால்கனி அறை பற்றியவற்றை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சிங்கப்பூரில் ஏறி 4 இரவுப் பயணம். கூடுதலாகப் பணம் கொடுத்து பால்கனி அறை எடுத்திருக்கிறோம். அந்தப் பால்கனியில் ஈரத்துணிகூடப் போடக் கூடாது என்கிறார் ஏஜென்ட். ஏற்காட்டு லாட்ஜில் கம்பியில் போட்டுவிட்டுத்தானே ஊர் சுற்றப் போகிறோம்? (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: ஏஜென்ட் சொல்வது சரிதான். லாட்ஜ் நின்ற இடத்தில் நிற்கிறது, கப்பல் ஓடுகிறது. 18 நாட் வேகம் என்றால் மணிக்கு 33 கிலோமீட்டர். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலே கப்பலின் மேல் மோதும் காற்று 53 ஆகிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது துணியை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். கிளிப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பால்கனித் தடுப்புகளின் ஓரத்தில் காற்று சுழன்று அடிக்கும், துணி படபடத்துப் படபடத்தே கிளிப்பிலிருந்து கழன்றுவிடும். கல்யாணத்துக்கு எடுத்த சேலம் வெண்பட்டு வேட்டியை இரவு விருந்துக்குக் கட்டிவிட்டு, ஆறட்டும் என்று கம்பியில் போட்டால் விடியும்போது அது இருக்காது.

காற்றைவிடப் பெரிய காரணம் நெருப்பு. 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. யாரோ வீசிய சிகரெட் துண்டு பால்கனியில் கிடந்த எரியும் பொருளில் விழுந்து, சுமார் 20 நிமிடம் புகைந்து, பிறகு பற்றியிருக்கலாம் என்பது பிரிட்டிஷ் கடல் விபத்துப் புலனாய்வுத் துறையின் முடிவு. பற்றிய 10 நிமிடத்துக்குள் தீ மேலிரண்டு தளங்களுக்கு ஏறிவிட்டது. பால்கனிகளுக்கு நடுவே இருந்த பாலிகார்பனேட் தடுப்புகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அதற்குத் தீனி போட்டன. புகையால் ஒரு பயணி இறந்தார், 13 பேருக்குச் சிகிச்சை தர வேண்டியிருந்தது, 79 அறைகள் மீட்க முடியாதபடி சேதமாயின. அறைக்குள் தீயை உணரும் கருவியும் தண்ணீர் பீய்ச்சும் குழாயும் இருந்தன, பால்கனியில் அவை இல்லை. அதன் பிறகு சர்வதேச விதி திருத்தப்பட்டு 2008 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பால்கனியில் எளிதில் எரியாத சாமான்கள் மட்டுமே இருக்க வேண்டும், இல்லையென்றால் தீ உணர்வியும் தண்ணீர்த் தெளிப்பானும் பொருத்தியிருக்க வேண்டும்.

கம்பெனி எரியாத நாற்காலியைப் போட்டுவைக்க, அதன் மேல் நாம் பருத்தித் துண்டைக் காயப்போட்டால் அந்த விதியின் பலனே போய்விடுகிறது. பெரும்பாலான கப்பல்களில் இப்போது பால்கனியில் புகைபிடிக்கத் தடை இருந்தாலும், மேல்தளத்தில் நிற்பவர் கடலை நோக்கி வீசும் சிகரெட் துண்டைக் காற்று திருப்பிக் கீழே இருக்கும் பால்கனிக்குள்ளேயே தள்ளும். மடித்த துண்டின் இடுக்கில் விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று, அங்கே துணி ஒழுங்காகக் காயவும் காயாது. கடற்காற்றில் வரும் உப்பு நூலில் படியும், உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். மூடுபனி நாளில் ஏற்காட்டில் போட்ட துணி போல மாலைவரை பிசுபிசுவென்றே இருக்கும். அறைக்குள் ஏ.சி. காற்று வறண்டது, அதில்தான் சீக்கிரம் காயும்.

செய்ய வேண்டியது இது. குளியலறையில் ஷவர் பக்கச் சுவரில் உள்ளங்கை அளவு வட்டமான டப்பா ஒன்று பல கப்பல்களில் இருக்கும். நடுவில் உள்ள குமிழை இழுத்தால் கொடிக்கயிறு வரும், எதிர்ச்சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அது இரண்டு மூன்று லேசான துணிக்கு மட்டும்தான். சேலையைப் போட்டால் கயிறு தொய்ந்து டப்பாவே பிடுங்கிக்கொண்டு வரும். போடுவதற்கு முன்னால் கப்பலில் தரும் உலர்ந்த துண்டை விரித்து, அதன் மேல் பிழிந்த துணியை வைத்து, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும், கம்பெனி அனுமதித்தால் நான்கு எடுத்துப் போகலாம். வீட்டிலிருந்து கனமான துண்டு வேண்டாம். நீச்சல்குளத்துத் துண்டைக் கப்பலிலேயே தருவார்கள். அதைத் திருப்பித் தராவிட்டால் பல கம்பெனிகள் பில்லில் சேர்த்துவிடும், எனவே அதையும் பால்கனியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: மாமனார் தினமும் காலையில் சூரியனைப் பார்த்துச் சூடம் காட்டுவார். அறைக்குள் வேண்டாம், பால்கனியில் ஒரே ஒரு சூடம் ஏற்றலாமா? (வாசகி, அம்மாபேட்டை)

பதில்: கூடாது. சூடம், ஊதுபத்தி, சாம்பிராணி, அகல்விளக்கு, மெழுகுவர்த்தி எல்லாமே தடைப் பட்டியலில் இருக்கும். பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்துவைத்துவிடுவார்கள். விமானத்திலும் கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள் வகையில்தான் வருகிறது, ஆகவே ஊரிலிருந்து புறப்படும்போதே வீட்டில் வைத்துவிடுங்கள். எரியும் கற்பூரத் துண்டு கல்லு உப்பு அளவுதான் இருந்தாலும், காற்று அதைத் தட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். போய் விழும் இடம் பக்கத்து அறைக்காரரின் பால்கனியாக இருக்கலாம்.

பெரியவரிடம் புறப்படுவதற்கு முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், கப்பலில் போய்த் தெரிந்தால் மனம் நோகும். விபூதி, குங்குமம், சின்னச் சாமி படம் எதற்கும் தடை இல்லை. பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கைப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. சூரிய நமஸ்காரத்துக்குக் கிழக்கு எந்தப் பக்கம் என்பது கப்பல் திசை திரும்பும்போதெல்லாம் மாறும், நமது பால்கனி மேற்கே பார்த்தும் இருக்கலாம். விடியற்காலையில் திறந்த மேல்தளத்துக்கு அழைத்துப்போனால் முழு வானமும் கிடைக்கும்.

கேள்வி: அறையில் பிளக் பாயின்ட் குறைவு என்கிறார்கள். ஸ்பைக் கார்டும் சின்ன கெட்டிலும் எடுத்துப்போய், பால்கனியில் உட்கார்ந்து ஃபில்டர் காபி போடலாம் என்று திட்டம். (வாசகர், ஏற்காடு)

பதில்: காபி கிடைக்கும், கெட்டிலும் ஸ்பைக் கார்டும் கிடையாது. ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் வரும் இரண்டு ஒயரில் ஒன்று பேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரல் பூமியோடு சேர்ந்திருப்பதால் பேஸை மட்டும் துண்டித்தால் போதும். பல கப்பல்களில் இரண்டு ஒயரில் எதுவும் கப்பலின் உடலோடு சேர்க்கப்பட்டிருக்காது, இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும். வீட்டு ஸ்பைக் கார்டு ஒரு ஒயரை மட்டும் துண்டிக்கும்படி செய்தது. அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் இன்னொரு ஒயர் உயிரோடுதான் இருக்கும். மின்னழுத்தம் எகிறும்போது உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பாகம் சூடேறி உருகித் தீப்பிடிக்கக் கூடும். இதைப் பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-இல் தனியாக எச்சரிக்கையே வெளியிட்டது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு, ரைஸ் குக்கர் ஆகியவை சூடாக்கும் சாதனங்கள் என்ற ஒரே காரணத்தால் தடை.

பதிலுக்கு, ஒயர் இல்லாமல் நேராகச் சுவரில் செருகும் 4 போர்ட் யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று எடுத்துப்போங்கள். தூக்கத்தில் மூச்சுக் கருவி வைப்பவர்கள் முன்கூட்டி எழுதிக் கேட்டால் கப்பலே எக்ஸ்டென்ஷன் தரும். பவர் பேங்க் 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-ஹவர், விமானத்தின் 100 வாட்-ஹவர் வரம்புக்குள் வரும், கைப்பையில்தான் வைக்க வேண்டும். அதைப் பால்கனி மேசையில் வெயிலில் விடக் கூடாது. சார்ஜர் ஒயரை அறையிலிருந்து பால்கனிக்கு இழுப்பதும் கூடாது, கனமான கதவு மூடும்போது ஒயரின் உறை நசுங்கும்.

காபிக்கு எவர்சில்வர் ஃபில்டர் போதும், அதில் மின்சாரம் இல்லை. சீல் பிரிக்காத, லேபிள் உள்ள பாக்கெட்டில் ஏற்காட்டுக் காபிப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக்கூடத்துக்கு ஃபிளாஸ்க்கோடு போய், கொதிநீர்க் குழாயில் முதலில் கொஞ்சம் பிடித்து ஃபிளாஸ்க்கைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்புங்கள். அப்படிச் செய்தால்தான் அறைக்கு வரும்வரை டிகாக்‌ஷன் இறங்கும் சூடு இருக்கும். ஃபில்டரை அறை மேசையில் வைத்து இறக்குங்கள். டம்ளரோடு பால்கனிக்குப் போகலாம், டபராவைக் கம்பியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். கீழே ஆட்கள் நடக்கும் தளம் இருக்கும்.

கேள்வி: 4 வயதுப் பையன் இருக்கிறான். கம்பியில் கட்ட வலை வாங்கிப்போகலாமா? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: கம்பியில் எதையும் கட்ட விடமாட்டார்கள், அதனால் வலையை நம்பிப் போக வேண்டாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பியின் உயரம் குறைந்தது 42 அங்குலம், அதாவது 107 சென்டிமீட்டர். 4 வயதுக் குழந்தை தரையில் நிற்கும்வரை அது போதும். 40 சென்டிமீட்டர் நாற்காலியில் ஏறிவிட்டால் மிஞ்சுவது 67தான், அது பையனின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. ஆபத்து முழுக்க நாற்காலியில்தான் இருக்கிறது.

அறைக்குப் போனதும் முதல் வேலையாக, அறைப் பணியாளரிடம் சொல்லிப் பால்கனி நாற்காலி, கால்மணை, மேசை மூன்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் செய்து தருவார்கள். முடியாது என்றால் சுவரோரம் ஒதுக்கி, நீங்கள் கூட இருக்கும்போது மட்டும் கதவைத் திறங்கள். கதவின் மேல்தாழ் இருக்கிறதா, பையனுக்கு எட்டுமா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். அறைக்கதவும் பால்கனிக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து கதவை அறைந்து சாத்தும், பிஞ்சு விரல்கள் சிக்குவது அங்கேதான். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் இந்த முறை திறக்காத ஜன்னல் உள்ள அறையே எடுங்கள். கடலும் தெரியும், நீங்களும் தூங்கலாம்.

கேள்வி: தாயாரின் அஸ்தியைப் பால்கனியிலிருந்தே கடலில் கரைக்கலாமா? (வாசகர், ஓமலூர்)

பதில்: பால்கனியிலிருந்து வேண்டாம். காற்று சாம்பலை உங்கள் மேலேயே திருப்பும், அந்த நேரத்தில் அது தாங்க முடியாத வேதனை. பல கம்பெனிகள் முன்கூட்டி எழுதிக் கேட்டால் அனுமதித்து, ஓர் அதிகாரியின் துணையோடு வேறு தளத்தில் இடமும் நேரமும் ஒதுக்கித் தருகின்றன. இறப்புச் சான்றிதழ் நகலும், நீரில் கரையும் கலயமும் கேட்பார்கள். கப்பலிலிருந்து பிளாஸ்டிக் எதையும் கடலில் போடுவதைச் சர்வதேச விதி முற்றிலும் தடை செய்கிறது, ஆகவே பாலித்தீன் பையும் நைலான் நார் கட்டிய மாலையும் கூடாது.

கேள்வி: உறவினரின் போன் பால்கனி மேசையிலிருந்து கடலில் விழுந்துவிட்டது. கம்பெனி தருமா, இன்ஷூரன்ஸ் தருமா? (வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: கவனிக்காமல் வைத்துவிட்டுப் போன பொருளுக்குப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் தருவதில்லை. பாலிசியில் கவனிப்பாரற்ற உடைமை பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். கம்பெனியும் தன் தவறு இல்லை என்றே சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது.

கதவுத் தாழ் உடைந்திருந்தது, சொல்லியும் சரிசெய்யவில்லை என்றால் நிலைமை வேறு. அப்படி இருந்தால் படம் எடுத்து, வரவேற்பு மேசையில் எழுத்தில் புகார் கொடுத்து, நேரமும் புகார் எண்ணும் உள்ள நகலைக் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஊர் வந்தபின் கேட்டால் கிடைப்பது கடினம்.

ஏஜென்ட் சொன்ன அறை ஒன்று, கிடைத்த அறை ஒன்று என்றால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 50 லட்சம்வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு, 5 லட்சம்வரை கட்டணம் இல்லை, சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

இதற்கெல்லாம் தேவைப்படும் காகிதம் பதிவு செய்யும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும். ஐந்து ரோடு பக்கத்து ஏஜென்ட் ஆனாலும் ஆன்லைன் ஆனாலும் அறை எண், தளம், தடைப் பொருள் பட்டியல் மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். ‘கியாரண்டி’ அறை என்றால் அறை எண்ணைக் கம்பெனி பிறகுதான் தரும், அதனால்தான் விலை குறைவு. எண் தெரிந்ததும் கப்பலின் தள வரைபடத்தில் அதைத் தேடி, நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். புகைபிடிக்கும் இடம் என்றால் சாம்பல் உங்கள் பால்கனியில்தான் விழும். பணம் முழுக்கக் கட்டுவதற்கு முன் வேறு அறை கேளுங்கள்.