சதவீதக் கணக்கில் எப்போது கூட்டுவது, எப்போது வகுப்பது?

கேள்வி: மகள் பதினோராம் தரம் படிக்கிறாள். சதவீதக் கணக்கு வந்தால் பெருக்குவதா, வகுப்பதா, கழிப்பதா என்று குழம்பிப் போகிறாள். இதற்கு ஒரு நேரான வழி உண்டா?

உண்டு. எனக்கு அதைக் காட்டித் தந்தவர் என் ஐயா.

யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் ஐயா பீற்றூட் போட்டிருந்தார். எங்கள் பக்கத்துச் சந்தைகளில் பத்துக் கிலோ மரக்கறிக்கு ஒரு கிலோவைக் ‘கழிவு’ என்று நிறையில் வெட்டிவிட்டு, மிச்சத்துக்குத்தான் காசு தருவார்கள். விவசாயிகளின் வயிற்றில் அடிக்கும் வழக்கம் அது, எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் தீரவில்லை. அந்த முறை 180 கிலோவுக்கான காசு ஐயாவின் கைக்கு வந்தாக வேண்டும். எத்தனை கிலோ கட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் அப்போது ஒன்பதாம் தரம். 180 இன் பத்து வீதம் 18, அதைக் கூட்டினால் 198 என்றேன்.

“இல்லையடா தம்பி. பத்துக் கொண்டுபோனா ஒன்பதுக்குத்தான் காசு. 180 இலை எத்தனை ஒன்பது? இருபது. அப்ப இருபது பத்து வேணும். இருநூறு.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 198 இல் பத்து வீதம் போனால் 178.2 தான் மிஞ்சுகிறது. ஐயா சொன்ன 200 சரியாக வந்தது.

கழிவை வெட்டுவது கொண்டுபோகும் நிறையில். நானோ கைக்கு வரும் நிறையில் பத்து வீதம் எடுத்துவிட்டேன். ‘எதனுடைய வீதம்?’ என்று கேட்காமலே கூட்டத் தொடங்கியதுதான் பிழை. இப்போது நானே பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களும் அநேகமாக இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

ஆகவே மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: எதனுடைய வீதமோ, அதற்கு ஓர் எழுத்தைப் பெயராக வைக்க வேண்டும். கொண்டுபோகும் நிறையைக் ‘க’ என்போம். அதில் பத்து வீதம் போய் மிஞ்சுவது 180.

க − (10/100) க = 180
(90/100) க = 180
க = 180 × 100/90 = 200

ஐயா வாயால் சொன்னதும் இதுதான், எழுத்து மட்டும்தான் புதிது. பெருக்குவதா வகுப்பதா என்று அவள் யோசிக்கவே தேவையில்லை. வசனத்தைச் சமன்பாடாக எழுதிவிட்டால் மிச்சத்தை அது தானே சொல்லும்.

சரி, ‘எதனுடைய’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழே காட்டித் தருகிறது. ‘விலையின் 18 வீதம்’, ‘சம்பளத்தில் 30 வீதம்’, ‘போன வருடத்தை விட 20 வீதம் கூட’. இன், இல், விட என்ற இவை ஒட்டியிருக்கும் சொல்லின் கீழ் கோடு போடப் பழக்குங்கள். அடிப்படை அதுதான். சில வினாக்களில் அந்தச் சொல் மறைந்திருக்கும். ‘18 வீத வரி உட்பட 5,900 ரூபா’ என்று மட்டும் இருந்தால், வரி எதன்மேல் போடப்பட்டது என்பதை அவளே கேட்டு நிரப்ப வேண்டும். பெறுமதி சேர் வரி போடப்படுவது வரிக்கு முந்திய விலையில். அதை ‘வ’ என்று வைத்தால்:

வ + (18/100) வ = 5900
(118/100) வ = 5900
வ = 5900 × 100/118 = 5000

5,900 இலேயே 18 வீதம் கழிக்கும் பிள்ளைக்கு 4,838 வரும். அதன்மேல் மறுபடி 18 வீதம் போட்டால் 5,900 வராது, ஏறக்குறைய 5,709 தான் வரும். விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். அப்புறம், 1.18 என்று தசமத்தில் எழுதாமல் 118/100 என்றே வைத்திருக்கச் சொல்லுங்கள். கல்குலேட்டர் இல்லாமல் கையால் சுருக்கும்போது அதுதான் இலகு.

அடிப்படை மாறினால் ஒரே செய்தி எப்படி வேறாகத் தெரியும் என்பதற்கும் இந்த வரியே உதாரணம். இலங்கையில் 2024 ஜனவரி 1 இல் அது 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. 1,000 ரூபாப் பொருளுக்கு 150 ரூபாவாக இருந்த வரி 180 ரூபாவானது. பழைய வரியோடு பார்த்தால் அது 20 வீத உயர்வு. நாங்கள் கடையில் கொடுக்கும் தொகையோடு பார்த்தால் 1,150 இலிருந்து 1,180, அதாவது 2.6 வீதம். இரண்டும் உண்மை. இதை வைத்து மகளோடு ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

கடைசியாக, வாய்க்கணக்கில் சட்டென்று பிடிபடாத ஒன்றைக் கொடுங்கள். ஓர் எண்ணின் 40 வீதம், அதே எண்ணின் 25 வீதத்தை விட 45 கூட. அந்த எண் என்ன? இங்கே ‘விட’ வந்தாலும் கூடுவது வீதமல்ல, வெறும் 45. வீதம் இரண்டும் எடுக்கப்படுவது ‘எண்ணின்’. ஆகவே எண்ணுக்கு ‘எ’.

(40/100) எ = (25/100) எ + 45
(15/100) எ = 45
எ = 300

300 இன் 40 வீதம் 120, 25 வீதம் 75. வித்தியாசம் 45.