நர்சம்மா பதில்கள்: ஒன்பது நாப்கின் கணக்கு

(கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கல்லூரித் தோழிகள் எட்டுப் பேர் சேர்ந்து, மாதம் ஆளுக்கு 200 ரூபாய் போட்டு, பக்கத்து அரசுப் பள்ளி மாணவிகளுக்கு நாப்கின் வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். ‘அதைத்தான் அரசாங்கமே இலவசமாகத் தருகிறதே’ என்கிறார் என் அப்பா. இது தேவையா, இல்லையா?
– கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

அப்பா சொல்வதில் பாதி சரி. ‘புது யுகம்’ திட்டம் 2012-ல் வந்தது. 10 வயது முதல் 19 வயது வரை உள்ள பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஒரு பாக்கெட்டில் ஆறு. படிக்கிற பிள்ளைக்குப் பள்ளியில் தருவார்கள், படிப்பை நிறுத்தியவளுக்கு அங்கன்வாடி மூலமாகப் போகும். அந்தப் பாக்கெட்டுகளைக் கைப்பையில் திணித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தவள் நான். திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு என்றால் மாதத்துக்கு ஒன்பது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பாடம் எடுப்பதும் நாங்கள்தான். ஐந்து நாளைக்கு, நாளைக்கு நாலு வீதம் இருபது ஆகிறது. கடைசி இரண்டு நாள் சிக்கனம் பிடித்தாலும் பதினைந்துக்குக் கீழே இறங்காது. அந்த ஒன்பதிலும் அம்மாவுக்குப் பங்கு, வயசுக்கு வந்த தங்கைக்குப் பங்கு. மிச்ச நாளை அந்தப் பிள்ளை எப்படி ஓட்டுகிறாள்? ஒரே நாப்கினைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்துக்கொண்டு தொடை உரசிப் புண்ணாகி வருவாள். இல்லையென்றால் லீவு போட்டுவிடுவாள்.

ஆகவே தேவை இருக்கிறது. ஆனால் பெட்டியோடு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போகாதீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் ஒரு டீச்சர் இருப்பார். தன் பீரோவில், சொந்தக் காசில், அவசரத்துக்கு இரண்டு பாக்கெட் வைத்திருப்பார். எந்தப் பிள்ளைக்கு எப்போது தட்டுப்பாடு என்று அவருக்குத் தெரியும். அவரைத் தேடிப் பிடியுங்கள். மே மாத லீவில் பள்ளிப் பாக்கெட் யார் கைக்குப் போகிறது என்றும் அவரிடமே கேளுங்கள்.

அதோடு, எந்தப் பதிவேட்டிலும் அகப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைகளுக்குக் குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்கள். பெயர் சொந்த ஊர் அங்கன்வாடியில் இருக்கும், பிள்ளை சூளையில் இருப்பாள். அப்படி ஒரு சூளையில் பதின்மூன்று வயசுப் பெண்ணிடம் பாக்கெட்டைக் கொடுத்தேன். ஒன்றை வெளியே எடுத்தாள், பின்பக்கத்துத் தாளை உரித்தாள், பசையை விரலால் தொட்டுப் பார்த்தாள். “இதை எதுலக்கா ஒட்டறது?” என்றாள். பாவாடைக்குள் அரைஞாண் கயிற்றில் துணியைச் செருகிக்கொள்கிற பிள்ளை. அவளிடம் ஜட்டியே கிடையாது. ஜட்டி இல்லாதவளுக்கு நாப்கின் எதற்கு ஆகும்? நன்கொடை தருகிறவர்கள் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். நாப்கின் என்று பேனரில் போடலாம், ஜட்டி என்று போட முடியாதாம்!

உங்கள் பணத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் ‘சுவிதா’ நாப்கின் ஒன்று 1 ரூபாய். 2019-லிருந்து அந்த விலைக்குத்தான் தருகிறார்கள். இருப்பு இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். உங்களுடைய 1,600 ரூபாயைப் பார்த்தால் நூறு பிள்ளைகளுக்குத் தரலாம் என்று ஆசை வரும். வேண்டாம். இருபது பேரை எடுத்துக்கொண்டு, வருஷம் முழுக்க, மே மாதம் உட்பட, தவறாமல் கொடுங்கள். மீதியில் ஜட்டியும் சோப்பும் வாங்குங்கள். இந்த மாதம் கொடுத்து அடுத்த மாதம் காணாமல் போனால் அவள் பழைய துணிக்கே திரும்புவாள். அந்தத் துணியையும் அதற்குள் தூக்கிப் போட்டிருப்பாள்.

பணம் தருகிறவர்கள், மாணவிகள் நாப்கின் வாங்குவது போல போட்டோ கேட்கிறார்கள். தராவிட்டால் அடுத்த முறை பணம் வராதே?
– தன்னார்வலர், ஈரோடு

வராவிட்டால் போகட்டும். கடை பில்லையும், வாங்கி அடுக்கிய பெட்டிகளையும் படம் எடுத்து அனுப்புங்கள். தன் வீட்டுப் பெண்ணை அப்படி நிற்கவைத்துப் படம் எடுக்கச் சம்மதிப்பாரா என்று மரியாதையாக ஒரு வரி கேட்டும் பாருங்கள்.

நான் ஆண். இந்த வேலையில் நானும் சேரலாமா? ஊரில் தப்பாகப் பேசுவார்களோ என்று தயக்கம்.
– எலக்ட்ரீஷியன், கரூர்

குறைந்த விலை நாப்கின் இயந்திரம் செய்த கோயம்புத்தூர் முருகானந்தத்தை ஊர் பேசாத பேச்சா? பிறகு அதே மனிதருக்கு 2016-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் அளவுக்கு நீங்கள் சிரமப்படத் தேவையில்லை, தம்பி. பிள்ளைகள் கையில் கொடுக்கிற வேலையைப் பெண்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, அனுமதி வாங்கி, பள்ளி விட்ட பிறகு மாணவிகள் கழிப்பறைக்குப் போங்கள். உள்தாழ்ப்பாள் விழுகிறதா? லைட் எரிகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? மூடியுள்ள குப்பைக்கூடை உண்டா? நாப்கினை எரிக்கும் மெஷின் சில பள்ளிகளில் பிளக் கருகியே மாதக்கணக்கில் சும்மா நிற்கும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையில் எந்தப் பெண்ணும் நாப்கின் மாற்ற மாட்டாள், கையில் பத்துப் பாக்கெட் இருந்தாலும்.

எங்கள் காலத்தில் துணிதான். ஒரு நோயும் வந்ததில்லை. பிளாஸ்டிக்கைக் கொடுத்துக் குப்பையைப் பெருக்குவது சேவையா?
– 71 வயது வாசகி, மன்னார்குடி

கோபம் நியாயம்தான் அம்மா. துணியில் குற்றமில்லை. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்தால் துணி அருமையான பொருள். ஆரோவில்லில் ‘ஈகோஃபெம்’ அமைப்பினர் 2010-லிருந்து துணி நாப்கின் தைக்கிறார்கள், பள்ளி மாணவிகளுக்கும் தருகிறார்கள். வடக்கே ‘கூஞ்ச்’ என்கிற தொண்டு அமைப்பு பழைய பருத்தித் துணியைத் துவைத்து, வெட்டி, பாக்கெட் போட்டுத் தருகிறது. ஆனால் உங்கள் வீட்டில் கொல்லைப்புறமும் கிணறும் இருந்திருக்கும். ஒற்றை அறையில் அப்பா, அண்ணன், தம்பியோடு இருக்கிற பெண் அந்தத் துணியை எங்கே காயவைப்பாள்? கட்டிலுக்கு அடியிலும், பாவாடைக்குள் மறைத்துக் கொடியிலும்தான். ஈரம் காயாத துணியால்தான் அரிப்பும் புண்ணும். ஆகவே வெயில் படுகிற கொடியும் தண்ணீரும் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் துணி, மற்றவளுக்குக் கடை நாப்கின். எது வேண்டும் என்று அவளையே கேட்டால் இன்னும் நல்லது.

மாதவிடாய் கப் கொடுத்துவிட்டால் ஒரே செலவோடு முடிந்துவிடுமே?
– வாசகர், நாகர்கோவில்

கப் என்பது உடலுக்குள் வைத்து ரத்தத்தைப் பிடித்து, கொட்டிக் கழுவி மறுபடி வைத்துக்கொள்கிற சின்னக் கிண்ணம். உங்களுக்கு அடுத்த மாநிலமான கேரளத்தில், ஆலப்புழை நகராட்சி 2019-ல் 5,000 கப் கொடுத்தது. நல்ல கப் பல வருஷம் உழைக்கும், குப்பையும் கிடையாது. ஆனால் கொடுத்ததோடு விடாமல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கொதிநீரில் போட்டெடுக்கத் தனிப் பாத்திரம் வேண்டும். அதற்கு மாமியார் சம்மதிக்க வேண்டும்! விருப்பப்பட்டுக் கேட்கிற பெரிய பெண்களுக்குக் கொடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் திணித்தால் அது அலமாரியில்தான் கிடக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் மூழ்கியபோது பிரட்டும் பிஸ்கட்டும் வந்தன. நாப்கின் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அடுத்த முறைக்கு என்ன செய்து வைக்கலாம்?
– மகளிர் குழு உறுப்பினர், ஸ்ரீவைகுண்டம்

முகாமில் வாய்விட்டுக் கேட்கிற நிலையே வரக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன்பே உங்கள் குழு வீடுகளில் மேடான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பரணில் ஒரு டிரம் வையுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். நனைந்த நாப்கின் எதற்கும் உதவாது. ஒரு பைக்கு இரண்டு பாக்கெட், இரண்டு ஜட்டி (மூன்று அளவுகளில் பிரித்து, பை மேல் எழுதிவிடுங்கள்), சோப்பு, சுற்றிப்போடப் பழைய செய்தித்தாள். முகாமுக்கு என்று தனியாக அடர்நிற நைட்டி கொஞ்சம், இரண்டு டார்ச். கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனால் கழிப்பறைக்குப் போகவே பெண்கள் பயப்படுவார்கள்.

பைகளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்காதீர்கள். பெண்கள் துணி மாற்றுகிற அறையில் திறந்து வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி இரண்டு பை எடுத்தால் எடுக்கட்டும், வீட்டில் இன்னொருத்தி இருப்பாள். மழைக்காலம் தாண்டி டிரம் மிஞ்சினால், தை மாதம் பக்கத்துப் பள்ளி டீச்சரிடம் கொடுத்துவிட்டு அடுத்த புரட்டாசிக்குப் புதிதாக நிரப்புங்கள்.