பட்டயப் படிப்பின் பெயரைப் பார்க்காமல் பாடப் பட்டியலைப் பாருங்கள்

அன்புள்ள அம்மையாருக்கு,

வணக்கம். உங்கள் மகனுக்குச் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டு பட்டயப் படிப்புகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இருப்பதாகவும், ஒன்றின் பெயரிலேயே செயற்கை நுண்ணறிவு இருப்பதால் உறவினர் அனைவரும் அதையே பரிந்துரைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மகனோ தகவல் தொழில்நுட்பம் படித்து, செயற்கை நுண்ணறிவுக்கான கிளவுட் (இணையம்வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள்) கட்டமைப்பில் பேக்எண்ட் பொறியாளராக விரும்புகிறார். அவர் நன்கு யோசித்தே முடிவெடுத்திருக்கிறார் என்பது என் கருத்து.

சாட்ஜிபிடி போன்ற சேவையிடம் ஒருவர் கேள்வி கேட்டதும், அதை வாங்கி, கேட்பவர் யாரெனச் சரிபார்த்து, வரிசையில் நிறுத்தி, கணக்கிடும் ஜிபியூ சில்லுகளில் இடமுள்ள ஒன்றிடம் ஒப்படைத்து, விடையைச் சொல்சொல்லாகத் திருப்பி அனுப்பி, செலவைக் கணக்கில் ஏற்றுவதுவரை நடக்கும் அனைத்தும் பேக்எண்ட் பொறியாளர்களின் பொறுப்பு. விடையைத் தரும் மொழி மாடலை உருவாக்கும் ஆராய்ச்சியாளர்கள் வேறு. இந்த வேலையின் கடினம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். 70 பில்லியன் அளவுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட மாடலை, ஒவ்வொன்றுக்கும் 16 பிட், அதாவது 2 பைட், என்ற கணக்கில் நினைவகத்தில் ஏற்ற 140 ஜிகாபைட் தேவை. என்விடியாவின் எச்100 ஜிபியூவில் பரவலாகப் பயன்படும் வகையின் நினைவகமோ 80 ஜிகாபைட். ஆகவே மாடலைக் குறைந்தது இரண்டு ஜிபியூக்களில் பிரித்து வைக்க வேண்டும். ஒன்று பழுதடைந்தால் மற்றொன்றும் பயனற்றுப் போகும். கூட்டம் திடீரெனப் பெருகும்போது புதிய செர்வரில் இவ்வளவு தரவையும் ஏற்றி முடிப்பதற்குள் பயனர் காத்திருந்து சலித்துவிடுவார். முன்கூட்டியே பல செர்வர்களை இயக்கி வைத்தாலோ, வேலையின்றி நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நிறுவனம் பணம் செலுத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கண்டறிவதற்குத்தான் நல்ல பொறியாளரைத் தேடுகிறார்கள்.

வேலை நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நிரல் எழுதுவதில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே செய்யத் தொடங்கிவிட்டன என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் மெதுவாகிப்போன சேவையில் கோளாறு நெட்வொர்க்கில் உள்ளதா, தரவுத்தளத்தில் உள்ளதா, நினைவகத்தில் உள்ளதா என்று பிரித்தறிய, அடிப்படை தெரிந்த மனிதர் தேவைப்படுகிறார். உங்கள் மகனுக்கு மூன்றாண்டுப் படிப்புக்குப் பின் இரண்டாண்டுக் கட்டாயத் தேசிய சேவை இருக்கிறது. அந்த ஐந்தாண்டுகளில் கருவிகள் மாறிவிடும். 2022 ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தவர்கள் முதலாண்டை முடிப்பதற்குள், அதே ஆண்டு நவம்பரில், சாட்ஜிபிடி வந்துவிட்டது. பல செர்வர்களில் நிரல்களைப் பகிர்ந்து இயக்கி, இத்துறையின் முதுகெலும்பாக இன்று விளங்கும் குபர்னெட்டிஸ் என்ற மென்பொருள்கூட 2014இல்தான் வெளியானது. 1991இல் தோன்றிய லினக்ஸ் இயங்குதளமோ இன்றும் பெரும்பாலான செர்வர்களை இயக்குகிறது. எனவே இயங்குதளம், நெட்வொர்க், தரவுத்தளம் ஆகிய மூன்றையும் எந்தப் பட்டயப் படிப்பு ஆழமாகக் கற்பிக்கிறதோ, அதையே தேர்ந்தெடுங்கள். செயற்கை நுண்ணறிவு என்று பெயரிட்ட படிப்பில் அவை போதிய அளவு இருந்தால் அதுவும் நல்லதே.

செர்வர்கள் குவிந்துள்ள தரவு நிலையங்கள் அண்டை நாடான மலேசியாவின் ஜொகூருக்குப் போகின்றனவே என்று உங்கள் கணவர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. சிங்கப்பூரின் மின்பயன்பாட்டில் தரவு நிலையங்களின் பங்கு 2020இல் ஏறக்குறைய 7 விழுக்காடு. 2019இலிருந்து சில ஆண்டுகள் புதிய நிலையங்களுக்கான அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2024இல் அரசாங்கம் வெளியிட்ட திட்டம் குறைந்தது 300 மெகாவாட் கூடுதல் திறனுக்கு வழிவிடுகிறது. ஆயினும் கட்டடம் எங்கே எழுகிறது என்பது மகனின் வேலையைத் தீர்மானிப்பதில்லை. கிளவுட் பொறியாளர் செர்வரைத் தொட்டுப் பார்ப்பதே அரிது. இங்கு அலுவலகத்தில் இருந்தபடியே எந்த நாட்டுச் செர்வரையும் இயக்குகிறார்.

நான் அதிகம் யோசிக்கச் சொல்வது அவருடைய இயல்பைப் பற்றித்தான். இப்பணியில் முறை வைத்து இரவிலும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். சேவை நின்றுபோனால் நள்ளிரவானாலும் எழுந்து, பதறாமல், செர்வர் எழுதி வைத்த பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காரணம் தேட வேண்டும். நன்றாகச் செய்த வேலையைப் பயனர் கவனிப்பதே இல்லை. பாராட்டு உடனே கிடைத்தால்தான் ஊக்கம் வரும் என்ற இயல்புள்ள பிள்ளைக்கு இது வருத்தம் தரும் துறை.

அதைச் சோதித்துப் பார்க்கப் பெருஞ்செலவு வேண்டாம். வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி, இலவசமாகக் கிடைக்கும் சிறிய மொழி மாடல் ஒன்றை இயக்கி, ஒரே நேரத்தில் பத்துக் கேள்விகள் அனுப்பினால் விடை எவ்வளவு தாமதமாகிறது, ஏன் தாமதமாகிறது என்பதை அவரே அளந்து எழுதட்டும். வாடகைக் கிளவுட் கணக்கு எதையும் இப்போது தொடங்க வேண்டாம். அணைக்க மறந்த ஜிபியூ மாதக் கட்டணத்தை ஏற்றிவிடும். விடுமுறை முடிவதற்குள் அந்தக் குறிப்புகளையும் இரண்டு பட்டயப் படிப்புகளின் பாடப் பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு மகனுடன் வாருங்கள். மூவரும் உட்கார்ந்து பாடம் பாடமாக ஒப்பிடலாம்.